‘ஷேன்’ படத்தில் அந்தப் பையன் ஏன் இவ்வளவு எரிச்சல் தருகிறான்?

ஒரு வாசகரின் கேள்வி, ஜூன் 4

1953ல் வந்த ‘ஷேன்’ என்ற வெஸ்டர்ன் படத்தை நேற்றுதான் முழுதாகப் பார்த்தேன். மலைகள் அற்புதம். ஷேனாக வரும் ஆலன் லேட் அற்புதம். வாடகைத் துப்பாக்கிக்காரனாக வரும் ஜாக் பேலன்ஸ் சும்மா நடந்து வந்தாலே வயிற்றைக் கலக்குகிறது. ஆனால் அந்தப் பையன்! எந்நேரமும் "ஷேன், ஷேன்" என்று நச்சரிப்பு. கண்ணை விரித்து, வாயைப் பிளந்து நிற்கிறான். குரலோ காதைக் குடைகிறது. பாதிப் படத்தை அவனே கெடுத்துவிட்டான். இதற்கு ஆஸ்கர் பரிந்துரை வேறு. எனக்கு மட்டும்தான் இப்படித் தோன்றுகிறதா?

ஜூன் 4, இரவு

உங்களுக்கு மட்டும் இல்லை. இந்தப் படத்தை உயிராக நேசிக்கிறவர்களே இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தக் குரலுக்கு நானும் பல்லைக் கடித்திருக்கிறேன். ஆனால் பழியைப் பையன்மேல் போடுவதை மட்டும் ஏற்க மாட்டேன்.

படப்பிடிப்பு நடந்தது 1951ல், வயோமிங்கில், கிராண்ட் டீட்டன் மலைகளின் அடிவாரத்தில். அந்தப் பையனாக நடித்த பிராண்டன் டி வைல்ட் 1942ல் பிறந்தவன். அப்போது ஒன்பது வயது. அவன் எங்கே நிற்க வேண்டும், எதைப் பேச வேண்டும், அதை எத்தனை முறை பேச வேண்டும் என்றெல்லாம் முடிவு செய்தவர்கள் பெரியவர்கள். இயக்குநர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் கைக்கு வந்ததை ஒட்டி அனுப்புகிற ஆள் இல்லை. படப்பிடிப்பு முடிந்து ஒன்றரை வருடம் கழித்துத்தான் படம் வெளிவந்தது. அவ்வளவு காலம் படத்தொகுப்பு மேஜையில் கிடந்த படத்தில் ஒரு குரல் நம் காதைக் குடைகிறது என்றால், குடையட்டும் என்று அவர் விட்டு வைத்திருக்கிறார். கேள்வியை அவரிடம் கேட்க வேண்டும்.

ஜூன் 5, காலை

இரவு முழுவதும் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். எரிச்சல் எங்கே வருகிறது, எங்கே வரவில்லை என்று பிரித்துப் பாருங்கள்.

படத்தின் முதல் காட்சியில் அவன் குண்டு போடாத துப்பாக்கியை வைத்துக்கொண்டு ஒரு மானைக் குறி பார்க்கிறான். மான் தலையைத் தூக்குகிறது. அதன் கொம்புகளுக்கு நடுவே, வெகு தொலைவில், குதிரையில் ஒருவர் வருகிறார். பையன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. இந்தக் காட்சியில் யாருக்காவது எரிச்சல் வந்ததா?

கடையில் நடக்கும் முதல் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊஞ்சல் கதவுக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கையில் கோடு போட்ட மிட்டாய்க் குச்சி. உள்ளே குத்து விழும் நேரத்தில் இவன் மிட்டாயைக் கடிக்கிறான். அந்தச் சத்தம் தனியாகக் கேட்கிறது. வன்முறையைப் பார்க்கும்போது ஒரு குழந்தைக்குள் ஊறுகிற இன்பத்தை இதைவிடக் கச்சிதமாகக் காட்டிய இடம் எனக்கு நினைவில்லை. அங்கேயும் அவன் பேசுவதில்லை.

ஆக, அந்த முகத்தில் எனக்குக் குறை இல்லை. முகம் ஏற்கெனவே சொல்லிவிட்டதை வாயும் சொல்லும்போதுதான் கோபம் வருகிறது. "நீங்கள் நன்றாகச் சுடுவீர்கள்தானே?" என்று அவன் கேட்பதற்கு முன்பே அவன் கண் ஷேனின் இடுப்புத் துப்பாக்கிப் பட்டையை விட்டு நகரவில்லை என்பதை நாம் பார்த்தாயிற்று. பிறகு கேள்வி எதற்கு?

ஜூன் 5, மதியம்

குரல் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. இவன் சினிமாவுக்கு நேராக வந்தவன் இல்லை. அதற்கு முன்பே, ஏழு வயதில், பிராட்வே மேடையில் ‘தி மெம்பர் ஆஃப் தி வெட்டிங்’ நாடகத்தில் எத்தல் வாட்டர்ஸ், ஜூலி ஹாரிஸ் ஆகியோருடன் நடித்தவன். 1950ல் தொடங்கிய நாடகம் அது. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்க வேண்டும் என்று பழகிய தொண்டை. ஒலிவாங்கி பக்கத்திலேயே இருக்கும்போது அது கூர்மையாகக் குத்துகிறது. இது என் ஊகம்தான். ஆனால் மேடை நாடகங்களில் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஜூன் 6

ஜாக் ஷேஃபர் எழுதிய நாவலை (1949) மறுபடி எடுத்துப் புரட்டினேன். எரிச்சலின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று தோன்றுகிறது.

நாவலைச் சொல்கிறவனே அந்தப் பையன்தான். அங்கே அவன் பெயர் பாப், படத்தில் ஜோயி. ஆனால் சொல்லும்போது அவன் பையன் இல்லை. வளர்ந்து, பல வருடம் கழித்து, சிறுவயதில் பார்த்ததை நினைவுகூர்கிற மனிதன். அந்தக் குரலில் நிதானம் இருக்கிறது. அப்போது புரியாதது இப்போது புரிந்த வலியும் இருக்கிறது. ஷேனைப் பற்றிய வியப்பெல்லாம் அந்த நிதானத்தின் வழியாக வடிகட்டித்தான் நம்மிடம் வருகிறது.

படத்தில் கதைசொல்லும் குரல் கிடையாது. வளர்ந்த பாப் காணாமல் போய், சின்ன ஜோயி மட்டும் மிஞ்சினான். நாவலில் ஒருவன் தன் மனதுக்குள் சொல்லிக்கொண்டதையெல்லாம் இந்தப் பையன் உரக்கக் கேட்டாக வேண்டும், கூவியாக வேண்டும். முப்பது வயதுக்காரனின் ஏக்கத்தை ஒன்பது வயதுத் தொண்டையில் ஏற்றிவிட்டார்கள். அவன் என்ன செய்வான்?

ஜூன் 6, இரவு

கொஞ்சம் திசை மாறிப் போகிறேன். நம் காதுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. நம் படங்களில் குழந்தை பாடினால் பெரும்பாலும் பாடியது குழந்தை இல்லை. 1960ல் ‘களத்தூர் கண்ணம்மா’வில் சிறுவன் கமல்ஹாசன் வாயசைத்த "அம்மாவும் நீயே அப்பாவும் நீயே" பாட்டைப் பாடியவர் எம்.எஸ். ராஜேஸ்வரி. சுருதி சுத்தமான, பயிற்சி பெற்ற ஒரு பெண்மணியின் குரல். அதில் குழந்தைமையை எவ்வளவு வைக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அந்த அளவுக்கும் இனிமைக்கும் பழகிய காதில், நிஜமான ஒன்பது வயதுப் பையன் மூச்சு வாங்கக் கத்துவது கரகரப்பாக விழுகிறது. அமெரிக்கர்களுக்கும் இவன் எரிச்சலூட்டுகிறான் என்பதால் இது முழு விளக்கம் ஆகாது. என் எரிச்சலில் ஒரு பங்கு இதிலிருந்து வந்தது என்பது மட்டும் உறுதி.

ஜூன் 8

"படத்தின் மிகச் சிறந்த காட்சி டோரி என்ற குடியானவர் சுடப்படும் காட்சி. அதில் பையனே இல்லை. இதிலிருந்தே தெரியவில்லையா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

நல்ல கேள்வி. அந்தக் காட்சியை நானும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறேன். சேறும் சகதியுமான தெரு. டோரியாக வரும் எலிஷா குக் ஜூனியர் கீழே சேற்றில் தடுமாறி நடக்கிறார், பேலன்ஸ் மேலே பலகைத் திண்ணையில் கூடவே நடக்கிறார். வெடிச்சத்தம் பீரங்கிபோல் கேட்கிறது. குண்டு பட்டதும் டோரி பின்னால் தூக்கி எறியப்படுகிறார். நடிகரைக் கம்பியில் கட்டிப் பின்னாலிருந்து இழுத்து எடுத்தார்கள். அதுவரை வெஸ்டர்ன் படங்களில் சுடப்பட்டவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழகாகச் சரிவான். ஸ்டீவன்ஸ் இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தின் படப்பிடிப்புக் குழுவோடு ஐரோப்பாவுக்குப் போனவர். நாஜிகளின் டாஹவ் வதைமுகாமை நேரில் பார்த்துப் படம் பிடித்தவர். ஒரு குண்டு ஒரு உடம்பை என்ன செய்யும் என்பதைப் பார்ப்பவருக்கு உணர்த்தாமல் இனி படம் எடுக்க அவரால் முடியாது.

இப்போது பையனிடம் வாருங்கள். படத்தில் அவன் அடிக்கடி என்ன செய்கிறான்? வெற்றுத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வாயாலேயே "டுமீல், டுமீல்" என்கிறான். வீட்டுக்குள் செய்கிறான், வெளியே செய்கிறான். தாய் சொல்லியும் கேட்பதில்லை. அந்த "டுமீல்" காதில் விழுந்து விழுந்து நமக்குச் சலித்துப்போன பிறகுதான் டோரிக்கு நிஜக் குண்டு பாய்கிறது. இரண்டு சத்தங்களையும் ஒரே இயக்குநர்தான் வைத்தார். ஒன்றை மெச்சி மற்றதைத் திட்டுவதற்கு முன் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. ஷேன் அவனுக்குச் சுடக் கற்றுக்கொடுக்கும் இடத்தில், தொலைவிலுள்ள கல்லைச் சுட்டுக் காட்டும்போது பையன் துள்ளி மிரள்கிறான். வாயால் செய்த விளையாட்டும் கையில் இருப்பதும் வேறு வேறு என்று அவன் உடம்பு அப்போதே அறிந்துவிடுகிறது. மனம் அறிய இன்னும் ஒரு மணி நேரப் படம் பாக்கி இருக்கிறது.

ஜூன் 9

இதைத்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுத எழுதத்தான் தெளிந்தது.

இந்தப் படத்தில் பெரியவர்கள் யாரும் தாங்கள் நினைப்பதைச் சொல்வதில்லை. மேரியனுக்கு (ஜீன் ஆர்தர்) ஷேன்மேல் ஈர்ப்பு. ஷேனுக்கும் அப்படியே. கணவர் ஜோ ஸ்டாரெட்டுக்கு (வான் ஹெஃப்லின்) அது தெரியும். தெரிந்தும் இருவரையும் மதிக்கிறார். மூன்று கண்ணியமான மனிதர்கள் ஒரு சிறிய மரவீட்டில் இதைச் சுமந்துகொண்டு சாப்பிடுகிறார்கள், வேலை செய்கிறார்கள். ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வெளியே வராது. வந்தால் அந்த வீடு உடையும்.

பையன் மட்டும் சொல்கிறான். சண்டை முடிந்த இரவு படுக்கையில் இருந்தபடி அம்மாவிடம், "எனக்கு ஷேனை ரொம்பப் பிடிக்கிறது, அப்பாவைப் பிடிக்கிற அளவுக்குக் கொஞ்சம்தான் குறைவு, அது தப்பில்லையே?" என்கிறான். அந்தத் தாயின் மனதிலிருந்ததை அவளிடமே கேட்டுவிடுகிறான். அவள் போய்க் கணவனிடம், "ஒன்றும் பேசாதே, என்னை இறுக்கிப் பிடித்துக்கொள்" என்கிறாள். பையன் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்காவிட்டால் இந்த வரிக்கு அர்த்தமே இல்லை. இன்னொரு இடத்தில் அவனைப் பார்த்து, ஷேன்மேல் அதிகம் பிரியம் வைக்காதே, ஒருநாள் அவர் போய்விடுவார், நீதான் வருத்தப்படுவாய் என்று புத்தி சொல்வதும் அவள் தனக்கே சொல்லிக்கொள்வதுதான்.

கடைசியில் என்ன கத்துகிறான் என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். எல்லோருக்கும் தெரிந்த "ஷேன், திரும்பி வா" மட்டும் இல்லை. "அம்மாவுக்கு நீங்கள் வேண்டும், எனக்குத் தெரியும்" என்றும் கத்துகிறான். இருட்டில், பள்ளத்தாக்கு எதிரொலிக்கும்படி. மூன்று பெரியவர்கள் படம் முழுக்கப் பொத்திப் பொத்தி வைத்ததை அவன் ஊருக்கே கேட்கும்படி உடைக்கிறான். என்ன சொல்கிறோம் என்று அவனுக்கு முழுதாகத் தெரியாது.

அடக்கமான, இனிமையான, நமக்குப் பிடித்த மாதிரியான ஒரு குழந்தையை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். அவன் அதைக் கத்துவானா? இங்கிதம் தெரிந்த பிள்ளை வாயை மூடிக்கொண்டிருக்கும். இந்தப் படத்துக்கு இங்கிதம் தெரியாத பிள்ளைதான் தேவை. நாம் எரிச்சல்படுவதும் அந்த இங்கிதமின்மைக்குத்தான்.

ஜூன் 9, சற்று நேரம் கழித்து

இன்னொரு கத்தலும் இருக்கிறது. ஸ்டாரெட் வில்லன் கூட்டத்தைச் சந்திக்கப் போய்ச் சாவதைத் தடுக்க ஷேன் அவரைத் துப்பாக்கியால் அடித்து வீழ்த்தும்போது, "நான் உங்களை வெறுக்கிறேன்" என்று பையன் அலறுகிறான். அடுத்த நிமிடமே மன்னிப்புக் கேட்பதற்காக ஓடுகிறான். குதிரையின் பின்னால், நாயோடு, ஓடையைத் தாண்டி, கல்லறைமேட்டைத் தாண்டி, ஊர்வரைக்கும் ஓடுகிறான். அவன் வந்து சேர்ந்ததால்தான் மாடியிலிருந்து குறிபார்த்தவனைப் பற்றி எச்சரிக்க ஒரு குரல் இருந்தது. ஷேன் உயிரோடு குதிரை ஏறுவதற்குக் காரணமே நாம் சலித்துக்கொள்கிற அந்தக் குரல்தான்.

ஜூன் 12

"அப்படியென்றால் உங்களுக்கு எரிச்சலே இல்லையா?" என்கிறார்கள். இருக்கிறது. அது ஏன் என்பதைக் கொஞ்சம் சொந்தக் கதையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டு மாடி அறையில் மின்வாரியத்தில் வேலை பார்த்த ஓர் அண்ணன் வாடகைக்கு இருந்தார். ராஜ்தூத் பைக் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் அதைக் கழற்றித் துடைக்கும்போது ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பது என் வேலை. யாரும் எனக்குக் கொடுத்த வேலை இல்லை, நானே எடுத்துக்கொண்டது. "அண்ணா, கம்பத்தில் ஏறும்போது பயமாக இருக்காதா? அண்ணா, ஷாக் அடித்திருக்கிறதா? அண்ணா, எங்கள் அப்பாவால் இந்த பைக்கைத் தூக்க முடியுமா?" இப்படியே போகும். அம்மா கீழேயிருந்து, "அவரைக் கொஞ்சம் நிம்மதியாக விடுடா" என்று கூப்பிடுவாள். அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. பாதிக் கேள்விக்குத்தான் பதில் வரும்.

அவர் மாற்றலாகிப் போனபோது நான் வழியனுப்ப வரவில்லை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். கீழே என்னைத் தேடியது கேட்டது. பைக் கிளம்பியதும் கேட்டது.

ஜோயி தெருவில் நின்று கத்தும்போது என் உடம்பு கூசுகிறது. அப்பட்டமாக, ஒளிவுமறைவில்லாமல் ஒருவரை இப்படி வேண்டிக் கூப்பிடுவது எப்படிச் சாத்தியம் என்று. எனக்குத் தோன்றுவது, பெரியவர்களுக்கு இந்தப் பையன்மேல் வருகிற எரிச்சலில் கூச்சமும் கலந்திருக்கிறது. நாமும் யாரையோ அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறோம். அதை இத்தனை அருகில், இத்தனை சத்தமாகத் திரையில் பார்க்க விருப்பமில்லை.

ஜூன் 13

அக்கா மகனுக்கும் ஒன்பது வயது. அவனோடு உட்கார்ந்து பார்த்தேன். அவனுக்கு ஜோயியிடம் எந்த எரிச்சலும் இல்லை. அவன் பேச்சு இவனுக்குச் சாதாரணப் பேச்சு. இவனுக்கு எரிச்சல் வந்தது ஷேன்மேல். "அவ்வளவு கூப்பிடுகிறானே, ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் என்ன?" என்று கோபமாகக் கேட்டான். ஷேன் சொல்லிவிட்டுப் போகும் காரணத்தை, ஒருவன் தன் அச்சை உடைத்துக்கொண்டு வேறாள் ஆக முடியாது, கொலை செய்தபின் அதோடு குடித்தனம் நடத்த முடியாது என்பதை, நான் விளக்கினேன். ஏற்கவில்லை. காயம்பட்டிருக்கிறார், மருந்து போட்டுவிட்டுப் போகலாமே என்றான்.

நான் இத்தனை காலம் பார்த்த படமும் அவன் பார்த்த படமும் ஒன்றல்ல. ஸ்டீவன்ஸ் இருவருக்கும் சேர்த்து எடுத்திருக்கிறார்.

ஜூன் 15

‘பதேர் பாஞ்சாலி’யின் அப்புவை (1955) ஒப்பிட்டு ஒருவர் எழுதியிருக்கிறார், அதுவல்லவா குழந்தை நடிப்பு என்கிறார். மறுப்பு இல்லை. ஆனால் இயக்குநர் சத்யஜித் ராய் அந்தப் பையனிடமிருந்து எதைக் கேட்டார் என்று பாருங்கள். சுபீர் பானர்ஜி முன்பு நடித்ததில்லை. நாணல் வெளியில் அக்காவைத் தேடித் தயங்கித் தயங்கி நடக்க வேண்டும், அது வரவில்லை. ராய் வழியில் சிறு தடைகளைப் போட்டுவைத்தார், உதவியாளர்களை ஆங்காங்கே நிறுத்திப் பெயர் சொல்லிக் கூப்பிடச் செய்தார். பையன் நின்றான், திரும்பினான், நடந்தான். நடிப்பு வந்துவிட்டது. அப்புவுக்கு வசனமும் குறைவு. அவன் கண்கள் போதும்.

டி வைல்டிடமும் கண்கள் இருந்தன என்பதுதான் என் ஆதங்கம். ஐந்தாம் தேதி எழுதியதை இங்கே மறுபடியும் பிடித்துக்கொள்கிறேன்: ஒன்பதாம் தேதி சொன்ன அந்த மூன்று நான்கு வசனங்களைத் தவிர மற்றதில் பாதியை வெட்டியிருந்தால் படத்துக்கு நட்டமில்லை. கடைசிக் கூவல் இன்னும் பலமாக இறங்கியிருக்கும். இவ்வளவு வாதாடியும் இந்த ஒரு விஷயத்தில் முதல் கேள்வி கேட்டவரின் பக்கம்தான் நிற்கிறேன்.

ஜூன் 20

ஆஸ்கர் பரிந்துரை பற்றிய பேச்சு ஓயவில்லை. ஆம், துணை நடிகருக்கான பரிந்துரை. அதே பிரிவில் அதே படத்துக்காக ஜாக் பேலன்ஸும் இருந்தார். அந்த வருடம் விருது ஃபிராங்க் சினாட்ராவுக்குப் போயிற்று. ‘ஷேன்’ வென்றது வண்ண ஒளிப்பதிவுக்காக, லாயல் கிரிக்ஸ் மூலம், ஒன்றே ஒன்று. பதினொரு வயதுப் பையன் வெறும் அழகுக்காகப் பட்டியலில் ஏறவில்லை.

அவனைப் பற்றிய கருத்தை மாற்ற விரும்புகிறவர்கள் பத்து வருடம் கழித்து வந்த ‘ஹட்’ (1963) பாருங்கள். அங்கே டி வைல்ட் பதினேழு வயது லானி. மறுபடியும் ஒரு பண்ணை. மறுபடியும் ஒரு பெரிய ஆளை, சித்தப்பா ஹட்டை, பால் நியூமனை, வாய் பிளந்து பார்க்கிறான். இந்த முறை அந்த ஆள் தகுதியில்லாதவர் என்பது மெல்ல அவனுக்குப் புரிகிறது. கடைசியில் விட்டுப் போகிறவன் இவன்தான். குரல் தாழ்ந்திருக்கிறது, பேச்சு குறைந்திருக்கிறது. அதே கண்கள். ‘ஷேன்’ பார்த்தவர்களுக்கு அந்த முகத்தைப் பார்க்கும்போது இரண்டு படங்களும் சேர்ந்து வலிக்கும். 1972ல், முப்பது வயதில், ஒரு வாகன விபத்தில் இறந்துபோனார். இன்னும் எவ்வளவோ செய்திருக்க வேண்டிய நடிகர்.

ஜூன் 21

எந்தப் பிரதியைப் பார்ப்பது என்று கேட்டவருக்கு: படம் எடுக்கப்பட்டது பழைய, ஏறத்தாழச் சதுரமான சட்டகத்தில். 1953ல் அகலத்திரை மோகம் தலைக்கேறியிருந்ததால் வெளியிடும்போது மேலும் கீழும் வெட்டித் திரையிட்டார்கள். வெட்டாத பிரதியைத் தேடிப் பாருங்கள். மலைகளுக்கு உயரம் கிடைக்கும். பெரியவர்களுக்குப் பக்கத்தில் அந்தப் பையன் எவ்வளவு சின்னவன் என்பதும் அதில்தான் சரியாகத் தெரியும்.